பதில் வராதவரின் படுக்கை

அவள் எழுதிய வரியைக் காணோம்.

டீம் லீட் திருமாறன் மறுபடியும் வெட்டியிருந்தான். ஓரத்தில் அவனுடைய குறிப்பு: ‘ஒரு டூலுக்கு ஒரு வரி போதும். படிக்கப்போவது மெஷின்.’

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெஷின் படிக்கப்போவதால்தான் எழுத வேண்டியிருக்கிறது. மனுஷன் என்றால் பாதியைத் தானே ஊகித்துக்கொள்வான்.

டூலின் பெயர் ‘படுக்கையை விடுவி’. மலையடிவாரத்தில் உள்ள ஒரு டயாலிசிஸ் மையத்துக்காகச் செய்தது. வரவேற்பில் பிலோமினா பார்த்துக்கொண்டிருந்த வேலையை இந்த மாதத்திலிருந்து ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் பார்க்கிறது. அது செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு டூல். எந்த டூலை எப்போது எடுப்பது என்பதை, அவள் எழுதும் குறிப்பைப் படித்துத்தான் அது தெரிந்துகொள்ளும். அதற்கு வேறு கதி இல்லை.

வெட்டியது போக மிஞ்சியிருந்த குறிப்பு இவ்வளவுதான்:

‘நேரத்துக்கு வராமல், செய்திக்கும் பதில் தராத நோயாளியின் படுக்கையை அடுத்தவருக்குத் தரும்.’

திங்கட்கிழமை அது அப்படியே செய்தது.

எஸ்டேட்டிலிருந்து நோயாளி குருவம்மா வந்த பஸ் மலைப்பாதையில் நின்றுவிட்டது. ஏஜென்ட் செய்தி அனுப்பியது. பதில் இல்லை. படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டது.

குருவம்மா வீங்கிய காலோடு வந்து இறங்கினாள். எல்லாப் படுக்கையிலும் ஆள். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். சுத்தம் செய்யாத ரத்தத்தோடு அடுத்த பஸ்ஸில் மலையேறிப் போனாள்.

பிலோமினா இருந்தவரை இப்படி நடந்ததில்லை. குறிப்பு எழுதுவதற்காக அவள் போன மாதம் மையத்துக்குப் போய், பிலோமினாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். போனையே எடுக்காத ஆளுக்காக ஏன் படுக்கையைக் காலியாக வைத்திருக்கிறீர்கள் என்று அப்போதே கேட்டாள்.

“வராதவங்க சொல்லிருவாங்க மேடம். வீட்ல டவர் கிடைக்கும். பதிலே வரலைன்னா ஆள் வளைவுல வந்துட்டிருக்காங்க.”

கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் கிடையாது. மலையில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் எழுதி வைப்பதில்லை.

அவள் எழுதினாள். அவன் வெட்டினான்.

எழுந்து அவன் மேஜைக்கே போனாள். திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இதுகூடவா சொல்லித் தரணும்? இவ்ளோ பெரிய மாடல், அதுக்குத் தெரியாதா?”

எப்படித் தெரியும்? அது அந்த பஸ்ஸில் போயிருக்கிறதா?

கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு மீட்டிங் போடுவான்.

சுருங்கச் சொல்லி விளங்க வைக்க வேண்டும் என்பார்கள். இவன் முதல் பாதியோடு வகுப்பை விட்டு எழுந்து போயிருப்பான் போல.

இன்று புதன். நாளை குருவம்மா வருவாள். பஸ் நேரத்துக்கு வரும் என்று யார் உத்தரவாதம் தருவது?

சரி, ஒரு வரிதானே.

டூல் என்ன செய்யும் என்பதை முழுக்க அழித்தாள். அதுதான் பெயரிலேயே இருக்கிறதே. அந்த இடத்தில் எழுதினாள்:

‘வரவில்லை என்று தகவல் வந்தால் மட்டும் பயன்படுத்து, பதில் இல்லையென்றால் ஆள் வந்துகொண்டிருக்கிறார், காத்திரு.’

ஒரு வரி. திருமாறன் ஒப்புதல் கொடுத்தான். படித்தானா என்பது அவனுக்கே வெளிச்சம்.

வியாழன் காலை முதல் வேலையாக மையத்தின் பட்டியலைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டாள்.

குருவம்மாவின் நேரம் வந்தது. போனது.

ஏஜென்ட் செய்தி அனுப்பியது.

பதில் இல்லை.

அவள் பட்டியலை ரெஃப்ரெஷ் செய்தாள்.

குருவம்மாவின் நாலாம் படுக்கை: காத்திருப்பு.

அடுத்தவர் கூடத்தில் தயாராக இருப்பதாகக் காட்டியது. நாலாம் படுக்கை அப்போதும் காத்திருப்பு.

அப்பாடா. அவள் நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு மெஷின், வளைவில் வரும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பிலோமினாவிடம் சொல்லலாம்.

போனைக் கையில் எடுத்தபோது திரையில் பதில் வந்தது. குருவம்மாவின் எண்ணிலிருந்து, அனுப்பியது மகன்.

‘அம்மா இனிமே வரமாட்டாங்க. படுக்கைய வேற யாருக்காச்சும் குடுத்துருங்க.’

ஏஜென்ட் ஒரு நொடி தாமதிக்கவில்லை. படுக்கையை விடுவித்தது. பச்சை டிக் விழுந்தது.

அவள் எழுதியபடியே.

அந்தப் பக்கமாக வந்த திருமாறன் நின்று எட்டிப் பார்த்தான். டிக்கை மட்டும் பார்த்தான்.

“பாத்தீங்களா? ஒரு வரியே போதும்.”