தடுப்பைத் தாண்டிய வயர்

புலம்பெயர்ந்தோரின் ஊர்ச்சங்கம் இரண்டாக உடைந்த கையோடு அஜின்கோர்ட் மண்டபத்துக்கும் நடுவே தடுப்பு வைத்துவிட்டார்கள். இருபகுதிக்கும் பொதுவாகப் பேச வந்த நிரூபாவுக்கு மைக் கிடைத்தபாடில்லை. மைக் ஒரு பகுதியின் தலைவர் சச்சிதானந்தனிடம். பிளக் மற்றத் தலைவர் தங்கத்துரையின் பக்கம்.

“வயர் எங்கட பக்கத்தால வருது. எங்களைக் கேட்டுத்தான் பேசவேணும்,” என்றார் தங்கத்துரை.

“வயர் எங்கட. அதுக்குக் காவலும் எங்கட ஆள்தான்,” என்றார் சச்சிதானந்தன்.

வடை முடிந்து, தேநீர் ஆறி, சனம் குளிர்ச்சட்டை மாட்டத் தொடங்கியபோதுதான் வயருக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. தலைவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தினார்கள்.

“இனிப் பேசுங்கோ பிள்ளை. என்ன தலைப்பு?” என்றார் தங்கத்துரை.

“எல்லை தாண்டிப் போன தந்திக் கம்பி ஆருக்குச் சொந்தமெண்டு அந்தக்காலத்து வெள்ளைக்கார அரசுகள் இழுபறிப்பட்ட கதை,” என்றாள் நிரூபா.

சங்கம் உடைந்த பிறகு தலைவர்கள் இருவரும் முதன்முறையாகச் சேர்ந்து சிரித்தார்கள்.

“ஒரு கம்பிக்கோ அடிபட்டவங்கள்? விசரங்கள்!”