உள்ளூர் நம்பர்

1999இல் இலங்கையிலிருந்து துபாயில் வந்திறங்கிய உதுமாலெவ்வை, இரவல் வாங்கி வந்த போனில் அந்த ஊர் சிம் ஒன்றைப் போட்டுத் தரச் சொன்னார்.

"வந்து சேந்தத்த கல்முனைக்குச் சொல்லப் போறீங்களா, காக்கா?" என்று கேட்டார், அங்கே கடை வைத்திருந்த ஊர்க்காரர் மீராசாகிபு.

"இல்ல தம்பி, இந்த ஊருக்குள்ளதான் கதைக்கணும்."

துண்டுக் கடதாசியைப் பார்த்து இலக்கங்களை அழுத்தினார்.

"ஆருக்கு, காக்கா?"

"என்ட மகள் றமீசாக்கு. ஊட்டு வேலைக்கு வந்து மூணு வருசம். நம்மட நாட்டு நம்பரக் கண்டா அந்த ஊட்டுல போன எடுக்கிறல்ல."

மறுமுனையில் ஒரு பெண் அரபியில் பேசினாள். அரபியானாலும் அது றமீசாவின் குரல்தான்.

"மகள், வாப்பா கதைக்கன். ஊரில இல்ல, துபாயில நிக்கன். எந்த ஊடெண்டு சொல்லு, கூட்டிப்போக வாறன்."