முழுப்பக்க அஞ்சலி

"கூட்டம் எப்படி?" என்றார் கமலநாதன், கண்ணாடியை விட்டுத் திரும்பாமலே. வெள்ளைத் துண்டை எந்தத் தோளில் போட்டால் துக்கம் எடுப்பாகத் தெரியும் என்பது அவருக்கு இன்னும் முடிவாகவில்லை.

"வாசல்ல போட்ட கெமாப் பந்தல் பத்தலைங்க. பாதிப் பேர் வெயில்ல நிக்கிறாங்க," என்றாள் மனைவி பிரவீனா, மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு. "என்னைப் பார்த்ததும் ஆளாளுக்குக் கட்டிப் பிடிச்சு அழுறாங்க. மாமா செத்த அன்னைக்குக்கூட யாரும் இப்படி அழலைங்க."

"அன்னைக்குப் பேப்பர்ல போடலையே. அதான்."

அப்பா சபாபதி கண்மூடிச் சரியாக ஓராண்டு. ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் மிளகாய் மில் வைத்து நாலு பிள்ளைகளை ஆளாக்கியவர். விரலில் காரம் ஏறியிருக்கும் என்று பிள்ளைகளின் கன்னத்தைப் புறங்கையால்தான் தொடுவார். மில்லை விட்டால் வீடு, வீட்டை விட்டால் மில். கடைசிவரை எந்தச் சங்கத்திலும் ஓர் உறுப்பினராகக்கூடச் சேரவில்லை. மகனுக்கு அது ஒன்றுதான் மனக்குறை.

அந்தக் குறையை மகன் தீர்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு வட்டார வணிகர் சங்கத் தேர்தல். தலைவர் நாற்காலிக்கு அவரும் தெப்ராவில் டயர் கடை வைத்திருக்கும் ஐயாசாமியும்தான் போட்டி. போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போன நாற்காலி அது. இந்த முறை விடுவதாக இல்லை. அதற்குத்தான் இன்றைய பேப்பரில் முழுப்பக்க அஞ்சலி.

காலையில் அம்மா சந்திரமதி அந்தப் பக்கத்தைக் கண்ணருகே வைத்துத் தேடு தேடென்று தேடினார்.

"அப்பா எங்கய்யா?"

"கீழ, வலது மூலையில பாருங்கம்மா."

"ஸ்டாம்பு மாதிரில்ல இருக்காரு! நடுவுல நீ எதுக்கு இம்புட்டுப் பெருசா?"

"அப்பா மூஞ்சி ரெங்கத்துல நாலு பேருக்குத் தெரியும். என் மூஞ்சி ஜொகூருக்கே தெரியும் லா. அதப் பார்த்தாத்தான் நின்னு படிப்பாங்க."

"அந்தப் புறங்கை விஷயத்தப் போடச் சொன்னேனே?"

"எங்கம்மா இடம் இருக்கு? 'முதலாம் ஆண்டு'ங்கிறதையே தூக்கிட்டுத்தான் என் பட்டத்தையெல்லாம் அடக்கினோம்."

பட்டங்களில் பாதி, அவரே செலவு செய்து நடத்திய விழாக்களில் அவருக்குக் கிடைத்தவை. அம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் படையலுக்குக் காய் நறுக்கப் போய்விட்டார்.

அப்போதிலிருந்து கமலநாதனின் போன் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை. தலைவனாகப் போகிறவன் துக்க நாளில் போன் எடுப்பது மரியாதையாக இருக்காது.

இப்போது திரையை லேசாக விலக்கிக் கீழே பார்த்தார். கோயில் கமிட்டி வந்திருந்தது. மார்க்கெட் ஆட்கள் வந்திருந்தார்கள். சங்கச் செயலாளர் சுகுமாறன் மலர் வளையத்தோடு நின்றிருந்தார். பக்கத்தில், அட, ஐயாசாமி! லாரி டயர் அளவுக்கு ஒரு மலர் வளையம் அவர் காலடியில். கைக்குட்டை கண்ணை விட்டு இறங்கவே இல்லை.

"பார்த்தியா? அவனே கவுந்துட்டான். இனிமே எலெக்‌ஷன் சும்மா சடங்குக்குத்தான்."

"பாவங்க, அழுது அழுது அவரால பேசவே முடியல."

"கையில இருந்த ஓட்டெல்லாம் போகுதுல்ல? அழுகை வரத்தான் செய்யும்."

ஜன்னலுக்குக் கீழே இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் தம்பட்டம் ஜாஸ்தி. ஆனா பொண்டாட்டி புள்ளைங்கள நல்லா வச்சிருந்தாரு."

"அதச் சொல்லுங்க. போனவங்களப் பத்தி நல்லதாத்தான் பேசணும் லா."

கமலநாதனின் புருவம் நெரிந்தது. அப்பாவா தம்பட்டம்? மில்லுக்குப் பெயர்ப்பலகைகூட வைக்காத மனிதர் ஆயிற்றே! பொறாமை பிடித்த சனம் செத்தவரையும் விடுவதில்லை. தலைவரானதும் அவர்களை மன்னித்துவிடலாம் என்று பெருந்தன்மையோடு தீர்மானித்தார்.

இன்னும் சற்று நேரம் காக்க வைத்தார். முதல் ஆளாக வந்து நிற்பது தொண்டர்களின் வேலை. பிறகு, 'மசாலாத் தொழிலின் மாமேதை என் தந்தை' என்று தொடங்கும் உரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கைகூப்பியபடி ஒவ்வொரு படியாக இறங்கி வாசலுக்கு வந்தார்.

ஒரு பெண் வீரிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று குப்புற விழுந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் மொத்தமாக எழுந்தார்கள். முன்வரிசை நாலடி பின்வாங்கி வழிவிட்டது. இப்படி ஒரு மரியாதையை அவரே எதிர்பார்க்கவில்லை. குழாயை மூடியதுபோல ஐயாசாமியின் அழுகை நின்றது.

"உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க," என்று கமலநாதன் தழுதழுத்தார். "இந்தப் பாசத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்?"

சுகுமாறனின் கையிலிருந்து மலர் வளையம் நழுவியது. அவர் மெல்ல நெருங்கி வந்து, ஒற்றை விரலால் கமலநாதனின் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"அலமாக்! அண்ணே, உங்களுக்கு மௌன அஞ்சலி செலுத்திட்டு, இப்பத்தானே ஐயாசாமி அண்ணனப் போட்டியில்லாம தலைவராக்கிட்டு வர்றோம்!"