கழுகு சொன்ன ஸ்தோத்திரம்

"இந்த ஊர் அழியப்போகிறது!" என்று தீர்க்கதரிசி சந்தையில் நின்று முழங்கினார். மதில்மேல் இருந்த பிணந்தின்னிக் கழுகு, அவர் மூச்சுவிட்ட இடத்திலெல்லாம் "ஸ்தோத்திரம்!" போட்டது. சொந்தபந்தங்களை விருந்துக்கும் அழைத்துவிட்டது.

ஊர் நடுங்கிப்போய், செய்த பாவங்களுக்கு வருந்திச் சாம்பலில் உட்கார்ந்து அழுதது. கழுதைக்குக்கூட சாக்குத் துணி போர்த்தினார்கள். ஆண்டவர் மனமிரங்கி மன்னித்துவிட்டார்.

"சொன்ன சொல்லைக் காப்பாற்றாத கடவுள் என்ன கடவுள்? நீதின்னு ஒண்ணு வேண்டாமா?" என்று கழுகு குதித்தது.

சாக்குக்குள்ளிருந்து கழுதை கேட்டது: "கழுகண்ணே, உங்க குஞ்சு தவறி என் வைக்கோல்ல விழுந்தப்போ, 'ஆண்டவரே, இரங்கும்'னு கதறினீங்களே?"

"அது என் குஞ்சுடா!"

கண்டிப்பான கடவுளைத் தேடிக் கழுகு வெளியூர் கிளம்பியது. திரும்பும்வரை குஞ்சைப் பார்த்துக்கொள்ளும்படி இந்தக் கடவுளிடமே ஜெபித்துவிட்டுப் பறந்தது.