கண்ணாடிப் பெட்டியில் மாசிலாமணி

எங்கள் குலசாமி மேல் ஆணை, இதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் எலி, எதிரே தேங்காய்ச் சில் கிடந்தும் அதைத் தொடாமல், குழாயில் அடைபட்டுக் கிடந்த இன்னோர் எலியை முதலில் திறந்துவிட்டது. இரக்கம் ரத்தத்திலேயே இருக்கிறது என்றார் உயிரியல் பேராசிரியர் கோமதிநாயகம். கூடி வாழ்ந்ததில் வந்த பழக்கம் என்றார் சமூகவியல் பேராசிரியர் எஸ்தர். சரி, மனிதனை வைத்தே பார்த்துவிடுவோம் என்று, முப்பது வருஷமாக உத்தரவில்லாமல் ஒரு கதவையும் திறந்தறியாத அட்டெண்டர் மாசிலாமணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தினார்கள். உள்ளே அரை மணி நேரத்துக்கான காற்று. வெளியே மேஜை மேல் ஒரு தட்டு சூடான மட்டன் பப்ஸ்.

இருபதாவது நிமிஷம் அவர் கண்ணாடியைத் தட்டினார். "ஐயா, மூச்சு முட்டுது."

"நீங்க திறங்க மேடம்," என்றார் கோமதிநாயகம்.

"நான் திறந்தா ரத்தம்னு எழுதிடுவீங்க. நீங்க திறங்க சார்."

"நான் திறந்தா உங்களோட பழகின பழக்கம்பீங்க."

"அம்மா, நான் வெளிய வரலாமா?"

"கொஞ்சம் பொறுங்க மாசிலாமணி, பேசிட்டிருக்கோம்ல."

பொறுத்தார். பப்ஸ் தீர்ந்தது. முப்பத்தைந்தாவது நிமிஷம், கட்டிய கையைப் பிரிக்காமல் மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். பேராசிரியர்கள் முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது.