பதிவான குலவை

ஊர்க் கலைவிழாவில் கும்மி தொடங்கியதும் மாடத்தி வாய்நிறையக் குலவையிட்டாள். உடனே பந்தல்காலில் மாட்டியிருந்த கருவி அவள் பெயரைச் சொல்லி, நிறுத்தச் சொன்னது.

விழா நடத்தும் நிறுவனத்துப் பெண் ஓடி வந்தாள். "அம்மா, உங்க குலவை போன வருஷமே எங்க பேர்ல பதிவாயிடுச்சு. இனி ஸ்பீக்கர்லதான் அது ஓடும். நீங்க போட்டா நகல்னு காட்டுது."

"என் தொண்டையில இருந்து எடுத்துட்டு என்னையே நகலுங்கியா?"

பதிலுக்கு ஸ்பீக்கர்தான் மாடத்தியின் குரலில் குலவையிட்டது. மாடத்தி நேரே போய் ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்தபடி ஒப்பாரியைத் தொடங்கினாள். கும்மியடித்தவர்களும் ஒவ்வொருத்தியாக வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"நல்ல நாள்ல யாருக்கும்மா ஒப்பாரி?" என்றாள் நிறுவனத்துப் பெண்.

"உங்க பெட்டிக்குள்ள கெடக்காளே, அவளுக்குத்தான்."