பிறகு போட்ட கண்ணாடி

மேசையின் இடது கண்ணாடிக் கதவை அவர் கொஞ்சம் தூக்கிவிட்டுத்தான் இழுத்தார்.

சத்தமில்லாமல் திறந்தது.

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். புதிதாக வருகிற எவரும் அந்தக் கதவை நேராக இழுத்துத் தோற்பார்கள். தூக்கி இழுக்க வேண்டும் என்று அவள்தான் சொல்லிக் கொடுப்பாள். இவருக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நிஸ்தார் நானா யாழ்ப்பாணத்தில் பழைய தளபாடங்கள் வாங்கி விற்பவர். மேசையைப் பார்த்து விலை மதிக்கச் சொல்லி அவள்தான் கூப்பிட்டிருந்தாள். அப்பாவின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு கனடாவிலிருந்து அண்ணன் சொல்லிவிட்டான்: "அந்த மேசை உனக்குத்தான். வைச்சிரு, இல்லாட்டி வில்."

கீழே சாய்த்து இறக்கும் எழுத்துப் பலகை. மேலே கண்ணாடிக் கதவுகளோடு புத்தகத் தட்டுகள். அவளுடைய பள்ளிக்கூடப் புத்தகங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அவர் முதுகுப் பலகையைத் தட்டிப் பார்த்தார். இழுப்பு லாச்சியை வெளியே உருவி, மூலைப் பொருத்துகளை விரலால் தடவினார்.

"முதிரை மரம். உள்ளுக்குப் பலா. காலி ஊர்ப் பக்கத்து வேலை. நூறு வருசத்துக்கு மேல வரும்."

வியாபாரியின் குரல்தான். ஆனால் கை எதையும் தேடவில்லை. எது எங்கே என்று அதற்குத் தெரிந்திருந்தது.

"அப்பா எங்க வாங்கினவர்?"

"கொழும்பில."

பொய் தானாக வந்தது. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அவர் தலையாட்டினார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒன்றில் நின்றார். மற்றவை பழைய கண்ணாடி. வெளிச்சம் அவற்றில் நெளியும். இதில் நெளியவில்லை.

"இது பிறகு போட்டது."

"அப்பா வாங்கேக்கயே அப்பிடித்தானாம்."

"ஓம்," என்றார் அவர். "பந்து பட்டது."

தெருவில் ஒரு ஓட்டோ போனது.

"நான் அடிச்ச பந்து. வாப்பா எல்லா இடமும் தேடினவர். அதே மாதிரிக் கண்ணாடி கிடைக்கேல்ல."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தொண்ணூறாம் ஆண்டு. ஐப்பசி. யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனங்களை ஒரே நாளில் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். இயக்கக்காரர் துவக்கை நீட்டிக்கொண்டு நின்று சொன்னார்கள். கொண்டுபோக விட்டது கொஞ்சம். மற்றதெல்லாம் வீடுகளுக்குள் கிடந்தது.

மேசை வந்தது அதற்குப் பிறகுதான். உழவு மெஷின் இழுத்த பெட்டியில் வந்தது. அவள் சின்னப் பிள்ளை. கைதட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"காசு குடுத்து வாங்கினது" என்று அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். யாரும் கேட்காமலே சொல்வார்.

யாருக்குக் காசு கொடுத்தார் என்று அவளும் கேட்டதில்லை.

இப்போது அவள் வாசல் படலையைப் பார்த்தாள். திறந்து கிடந்தது. அவர் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பொலிசுக்குப் போவாரோ? ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவாரோ? கையிலிருந்த போன் வியர்வையில் வழுக்கியது. யாருக்கு எடுப்பது? எடுத்து என்னவென்று சொல்வது?

அவர் கத்தவில்லை.

அது இன்னும் பயமாக இருந்தது.

எழுத்துப் பலகையை இறக்கினார். சட்டைக் கையால் துடைத்தார். பிறகு மூடினார்.

"என்ன விலை போகும் நானா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேறு எதைக் கேட்பதென்று தெரியாமல் வாயில் வந்தது அது.

அவர் ஒரு தொகை சொன்னார். அவள் நினைத்தே பார்க்காத தொகை.

"நல்ல சாமான். குறைச்சு ஆருக்கும் குடுத்திடாதேங்கோ."

"நீங்கள் கொண்டு போங்கோ. காசு ஒண்டும் வேண்டாம்."

அவர் முதல்முறையாக அவளை நேரே பார்த்தார்.

"கொண்டு போனா என்னால விக்க ஏலாது தங்கச்சி. விக்காட்டி வைக்க இடமில்ல. நாங்க இப்ப இருக்கிற வீட்டு வாசலால இது போகாது."

"நானா, கொழும்பில இல்ல. நான் சும்மா..."

"கொழும்பெண்டே இருக்கட்டும். வாங்க வாற ஆக்களுக்கும் அப்பிடியே சொல்லுங்கோ."

அவளுக்கு அழுகை வரவில்லை. பின்னேர வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. ஆனாலும் குளிர்ந்தது.

அவர் செருப்பை நோக்கி நடந்தார். பாதியில் நின்றார்.

"அப்பா இதில இருந்து எழுதிறவரோ?"

அவள் யோசித்தாள்.

"இல்ல நானா. ஒருநாளும் இருந்ததில்ல."



விறாந்தையில் கதிரைகள் கிடந்தன. அவற்றைக் கடக்கும்போது அவருடைய நடை தளர்ந்தது. ஒரு கதிரையின் கைப்பிடி நுனியைப் பெருவிரலால் தொட்டார். சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்ந்து வெகுநேரமாகியும் அவள் அங்கேயே நின்றாள். கதிரைகள் எங்கேயிருந்து வந்தவை என்று அவள் யோசித்ததே இல்லை.

கால் சோர்ந்தது. ஒரு கதிரையில் இருக்க வேண்டும் போலிருந்தது.

எதில் இருப்பதென்று தெரியவில்லை.